எல்லை தெரியாத பன்றிகள்
மலையடிவாரத்தில் குடியேறியவர்களின் ஊர் அம்பூரி. இன்று அங்கே துப்பாக்கிக்கு ஒரு சட்டம், தூண்டிலுக்கு ஒரு சட்டம், பன்றிக்கு மூன்று சட்டங்கள்.

இருட்டியதும் அம்பூரியின் மரச்சீனித் தோட்டங்களில் தகர டப்பாக்கள் கலகலக்கத் தொடங்குகின்றன. வேலி என்ற பெயரில் சுற்றிக் கட்டிய பழைய புடவைகள் காற்றில் ஆடுகின்றன. வசதி உள்ளவர்கள் சோலார் வேலி போட்டிருக்கிறார்கள். இத்தனையும் காட்டுப்பன்றிக்காக. புடவை ஒரு வாரம் பயமுறுத்தும். எட்டாம் நாள் பன்றி அதன் அடியில் புகுந்து கிழங்கைத் தோண்டிவிடும்.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. கிழக்கே, நெய்யாறு நீர்த்தேக்கத்தின் கரையில், ரப்பரும் மரச்சீனியும் மிளகும் மூடிய சரிவுகளில் இருக்கிறது அம்பூரி. முன்பு நெய்யாற்றின்கரை வட்டம். 2014க்குப் பிறகு காட்டாக்கடை வட்டம். சட்டமன்றத்துக்குப் பாறசாலைத் தொகுதி. கிழக்கே அகத்தியமலைக் காடுகள். தெற்கே சிறிது தூரம் போனால் ஆறுகாணி, பத்துகாணி; அவை கன்னியாகுமரி மாவட்டம், அதாவது தமிழ்நாடு. சந்தையில் மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். ஊரின் பெயரைக் கேட்டதும் தமிழ்க் காதுக்கு அம்பு நினைவுக்கு வருவது இயல்புதான். அதை நம்பி யாரும் வில்லோடு கிளம்பிவிட வேண்டாம்.

துப்பாக்கியையும் தூண்டிலையும் மனதில் வைத்து வாழுமிடத்தைத் தேர்ந்தெடுப்பது பழைய பழக்கம். வெள்ளைக்காரத் துரைகள் அதற்காகவும் நீலகிரியை விரும்பினார்கள். சுட்டுத் தீர்த்ததில் விலங்குகள் குறைந்துபோகவே, 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. ஓடைகளில் போதுமான மீன் விளையாட்டு இல்லை என்று 1907இல் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரித்தார்கள். அம்பூரிக்குத் துரைகள் யாரும் வாழ வரவில்லை. அங்கே வேட்டை பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது சாப்பாடாக இருந்தது.

முதலில் இருந்தவர்கள் காணிக்காரர்கள். மூட்டுக்காணியின் தலைமையில் சிறு சிறு குடிகளாக வாழ்ந்து, காட்டைத் திருத்தி விதைத்து, தேனெடுத்து, வில்லும் பொறியும் வைத்துப் பிடித்து, ஓடை மீன் அள்ளி வாழ்ந்தவர்கள். எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் எந்தப் பிராணி இறங்கும் என்பது அவர்களுக்குப் பாடம். அந்த வாழ்க்கையின் நடுவே தண்ணீர் வந்து நின்றது. 1958இல் நெய்யாறு அணை எழும்பியது. அதே ஆண்டு 128 சதுர கி.மீ. காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் மாட்டிக்கொண்ட குடிகளுக்குக் கும்பிச்சல் கடவுத் தோணியே உலகத்தோடு இருந்த தொடர்பு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாவற்றுக்கும் தோணி. ஒரு பாலத்துக்காக அவர்கள் காத்திருந்த காலத்தில் ஒரு தலைமுறை பிறந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டது. பாலப் பணி நடந்ததே 2020களில்தான்.

இரண்டாவதாக வந்தவர்கள் மத்திய திருவிதாங்கூர்க் குடியேறிகள். இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில், காட்டு நிலங்களைப் பயிருக்குத் திறந்துவிட்டது திருவிதாங்கூர் அரசு. மீனச்சில் பகுதிச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் சட்டியும் மண்வெட்டியுமாக மலைநாடு முழுவதும் பரவின, அம்பூரிக்கும் வந்தன. மலேரியாவையும் யானையையும் சமாளித்து மரச்சீனி நட்டார்கள். மலையேறிய குடும்பங்களின் கதைகளில் நாட்டுத் துப்பாக்கிக்கு நிரந்தர இடம் உண்டு. பயிரைக் காப்பதும் குழம்புக்கு இறைச்சி சேர்ப்பதும் ஒரே குண்டில் முடிந்த காலம் அது. வேட்டையா, காவலா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை.

சட்டம் பிரித்துக் கேட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், உரிமம் பெற்று வேட்டையாடச் சில வாசல்கள் திறந்திருந்தன. 1991 திருத்தம் அவற்றையும் அடைத்தது. அதன் பிறகு 'வேட்டைக்கு நல்ல ஊர்' என்று இந்தியாவில் எந்த ஊரையும் சட்டப்படி சிபாரிசு செய்ய முடியாது. துப்பாக்கிகள் பரணுக்குப் போயின. சில கள்ளத்தனமாக இறங்கவும் செய்தன. பன்றிக்காகப் பழத்துக்குள் வெடி வைக்கும் கொடூரமும் நிற்கவில்லை. 2020இல் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வெடியால் வாய் சிதறி, ஆற்றில் நின்றபடியே செத்தபோதுதான் நாடு இதைக் கவனித்தது.

இதற்கிடையே பன்றிகள் பெருகின. மரச்சீனி, சேனை, சேம்பு, வாழைக்கன்று என்று எதையும் விடுவதில்லை. பன்றியைத் தீங்குயிர் என்று அறிவிக்கச் சொல்லிக் கேரளம் மத்திய அரசைப் பலமுறை கேட்டது; கிடைத்தது மறுப்புதான். 2022 மே மாதம் மாநில அரசு வேறு வழி கண்டுபிடித்தது. ஊராட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் பதவி வந்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்களே உத்தரவிடலாம். சுடுபவரிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு துப்பாக்கி மறுபடியும் தோட்டத்துக்கு வந்தது என்னவோ உண்மை. ஆனால் அது வேட்டை அல்ல. செத்த பன்றியை விதிப்படி புதைக்க வேண்டும். ஒரு துண்டு இறைச்சி வீட்டுக்குப் போனாலும் வழக்கு. தாத்தா சுட்டுத் தின்ற பிராணியைப் பேரன் சுட்டுக் குழியில் போட வேண்டியிருக்கிறது. மரச்சீனியையும் தின்று, இறைச்சியாகவும் ஆகாமல் மண்ணுக்குப் போகும் பன்றியைப் பார்த்து விவசாயிக்கு வரும் எரிச்சலை எந்த உத்தரவும் கணக்கில் எடுக்கவில்லை. உண்ணவிட்டால் அதுவே கள்ள வேட்டைக்குத் திரையாகிவிடும் என்ற அதிகாரிகளின் அச்சமும் வீண் அச்சம் அல்ல. தவிர, லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்கள் ஊருக்கு எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? இருப்பவர்களிலும் நடுராத்திரி கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் எத்தனை பேர்? 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் வனவிலங்குச் சட்டத்துக்கே மாநிலத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தைத் தொடும் மசோதா என்பதால் அதற்குக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

வேடிக்கை எல்லையில் இருக்கிறது. அம்பூரிப் பக்கத்திலிருந்து ஒரு பன்றி ஆறுகாணிப் பக்கம் ஓடினால் அதன் அந்தஸ்தே மாறிவிடுகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு பிறப்பித்த உத்தரவு, காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்கிறது. ஒரு கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கி.மீ.க்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே. இந்தப் பக்கம் ஊராட்சித் தலைவர், அந்தப் பக்கம் வனத்துறை. இரண்டுக்கும் மேலே சரணாலயம். அங்கே பன்றிதான் குடிமகன், மனிதன் விருந்தாளி. மலையோரச் சிற்றூர்களில் பல வீடுகள் காட்டிலிருந்து ஒரு கி.மீ.க்குள் இருப்பவை. தொல்லை எங்கே அதிகமோ அங்கேதான் துப்பாக்கிக்கு இடமில்லை.

இதே எல்லையில் வேறொன்று நின்றுபோயிருக்கிறது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோடு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை 2004இல் கேரளம் நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தண்ணீர் நின்ற கோட்டில் பன்றி நிற்பதில்லை.

சரி, துப்பாக்கிதான் இல்லை, தூண்டிலாவது உண்டா என்றால், உண்டு. கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். நீர்த்தேக்கத்தில் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்தார்கள். வராலும் கெளுத்தியும் திலேப்பியாவும் ஓடைகளில் உண்டு. கூடவே முதலைகளையும் விட்டார்கள். 1975இல் தொடங்கிய தேசிய முதலைப் பாதுகாப்புத் திட்டத்தின் தொடர்ச்சியாக நெய்யாற்றில் விடப்பட்ட சதுப்புநில முதலைகள் நன்றாகவே பிழைத்துக்கொண்டன. குளிக்கவும் துணி துவைக்கவும் இறங்கியவர்களை அவை கவ்விய சம்பவங்களுக்குப் பிறகு, பலவற்றைப் பிடித்து அணைக்கருகே உள்ள மையத்தில் அடைத்தார்கள். எல்லாவற்றையும் பிடித்தாயிற்றா என்ற கேள்வியோடுதான் கரையோரத்துக்காரர்கள் இன்றும் தண்ணீரில் கால் வைக்கிறார்கள்.

மலையாளிகளின் உண்மையான மீன் திருவிழா 'ஊத்த'. முதல் மழையில் ஓடைகள் பெருகும்போது, சினை மீன்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு வயலுக்குள் ஏறும். அரிக்கேன் விளக்கும் வெட்டுக்கத்தியும் கூடையுமாக ஊரே இறங்கும். இப்போது அதுவும் குற்றம். முட்டையிட ஏறும் மீனை மறித்துப் பிடிப்பதைக் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம், 2010 தடுக்கிறது. நியாயமான தடைதான், ஒரு சினை மீனைப் பிடிப்பது அடுத்த ஆண்டின் மீனைப் பிடிப்பது. ஆனால் இடி இடித்த முதல் ராத்திரி மலையோரத்து ஆள் ஒருவன் வீட்டில் படுத்துத் தூங்குவது சாதாரண விஷயமா என்ன!

வெளியூர்க்காரர்களுக்கு இன்னும் குறுகலான வழிதான். பீமேஸ்வரி போன்ற காவிரி முகாம்களில் மகசீர் பிடித்து முத்தமிட்டுத் திரும்ப விடும் விளையாட்டு, சரணாலயத்துக்குள் கூடாது என்று 2010களின் தொடக்கத்தில் நின்றுபோனது.

மலையடிவாரத்தில் மனை வாங்க நினைப்பவர்கள் துப்பாக்கியையும் மீனையும் மறந்துவிட்டுச் சரிவைப் பார்ப்பது நல்லது. 2001 நவம்பர் 9 இரவு, விடாமல் பெய்த மழையில் அம்பூரியில் மலை உருண்டது. 39 பேர் மண்ணில் புதைந்தார்கள். அவர்களில் பலர், திருமண நிச்சயத்துக்காக ஒரு வீட்டில் கூடியிருந்த உறவினர்கள். காட்டை வெட்டி ரப்பர் நட்ட செங்குத்துச் சரிவு, அடைபட்ட நீர்வழி, கனமழை என்று காரணங்கள் பிறகு ஆராயப்பட்டன. முன்னோர்கள் இந்தச் சரிவுகளைத் தேர்ந்தெடுத்தபோது யாரும் அப்படிக் கணக்குப் போட்டிருக்கவில்லை.

இருந்தும் அம்பூரிக்காரர்கள் போகத் தயாராயில்லை. 2022 மார்ச்சில் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் அமைக்க வரைவு அறிவிப்பு வந்தபோது, ஊர் கடையடைத்துத் தெருவில் இறங்கியது. காட்டோரம் வாழும் உரிமை போய்விடும் என்ற பயம். பன்றி, முதலை, மண்சரிவு மூன்றையும் தாங்கிக்கொண்டவர்கள் ஒரு வரைபடக் கோட்டுக்கு அஞ்சினார்கள். கோஷம் முடிந்து வீடு திரும்பியவர்கள், இருட்டுவதற்குள் தகர டப்பாக்களுக்குக் கயிறு மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது.