மேக்காட்டு நரி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க காட்டுல நரி வேட்டை நடந்துச்சு. வனத்துறைக்குப் போன் போட்றாதீங்க. நெசமான நரியைக் காங்கயம் பக்கம் நான் பாத்தே பல வருஷம் ஆச்சு. இது ரேடியோ நரி.

அக்கா பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான். போன வருஷம் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிட்டான். ஹாம் ரேடியோன்னு சொல்லுவாங்களே, அதுதான். வி.யு.3-ன்னு ஆரம்பிக்கிற கால் சைன் ஒண்ணு குடுத்திருக்காங்க. நாலு கூட்டாளிகளோட வந்து, "மாமா, நம்ம கொறங்காட்டுல நரி வேட்டை பழகிக்கறோமுங்க"ன்னான். எங்கம்மா வெளக்குமாத்தைக் கீழ வெச்சுட்டு, "எந்த நரிடா?"ன்னு கேட்டுச்சு.

விளையாட்டு இதுதான். ஒருத்தர் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்கியாவது ஒளிச்சு வெச்சுட்டு வந்துடுவார். அது ஒரு நிமிசம் பீப் பீப்னு கத்தும், ஒரு நிமிசம் சும்மா இருக்கும். மத்தவங்க ரேடியோவும் ஆன்டெனாவும் வெச்சுக்கிட்டு நடந்தே போய் அதைக் கண்டுபிடிக்கணும். வெளிநாட்டுல இதுக்கு உலகப் போட்டியே உண்டு. முதல் போட்டி 1980-ல போலந்துல நடந்திருக்கு. அங்க அஞ்சு நரி. ஆளுக்கு ஒரு நிமிசமா மாத்தி மாத்திக் கத்தும். காட்டுக்குள்ள மேப்பும் திசைகாட்டியும் வெச்சுக்கிட்டு ஓடணுமாம். எழுபது வயசு தாண்டினவங்களுக்கும் தனிப் பிரிவு இருக்குன்னு மாப்பிள்ளை சொன்னப்பதான் எனக்கு ஆசையே வந்துச்சு. எங்களுக்கு ஒரே நரி. ஓட்டம் கெடையாது, நடைதான்.

சனிக்கிழமை ராத்திரி ஆசாரத்துல ஒக்காந்து ஆன்டெனா செஞ்சாங்க. அதுக்கு என்னோட புது ஸ்டீல் டேப்பை வெட்டிப்புட்டாங்க. கேக்காமயே. பிவிசி குழாய்ல குறுக்கே மூணு துண்டு. பின்னால சுமார் 105 சென்டிமீட்டர், நடுவுல ரெண்டு 45 சென்டிமீட்டர், முன்னால 89. பின்னுக்கும் நடுவுக்கும் 20 சென்டிமீட்டர், நடுவுக்கும் முன்னுக்கும் 32. சொட்டுநீர்க் குழாய்க்குப் போடற கிளாம்ப்லயே இறுக்கியாச்சு. டேப்போட பெயின்ட்டைச் சொரண்டிட்டு ஒயரைப் பத்த வெச்சாங்க. "ஏன்டா, அலுமினியக் குழாய் கெடைக்கலியா?"ன்னேன். "முள்ளு வேலிக்குள்ள பூந்தா அது வளைஞ்சே போயிருமுங்க மாமா. டேப்பு மடங்கிட்டு மறுபடி நிமிந்துக்கும்"னான். கிளுவை வேலி இருக்கற ஊருக்குன்னே கண்டுபிடிச்சாப்பல இருந்துச்சு. டேப்புக்கான காசை இன்னும் தரலை, அது வேற கதை.

காலைல ஆறு மணிக்கு ஒரு பையன் நரியோட போய்ட்டான். ஒரு தூக்குப்போசி மூடி அளவுதான் அந்தப் பெட்டி, ஒரு வாட்டுக்கும் கம்மியான சக்தி. மாப்பிள்ளையோட கால் சைனை மோர்ஸ்ல சொல்லிட்டுத்தான் கத்தும். அப்பிடித்தான் கத்தணும், லைசென்ஸ் இல்லாம காத்துல எதையும் அனுப்பக் கூடாது. மத்த மூணு பேரும் ஒரு அணி. நானும் மாப்பிள்ளையும் ஒரு அணி.

கட்டுத்தறி பக்கத்துல நின்னு மாப்பிள்ளை ஆன்டெனாவை என் கையில குடுத்தான். டேப்புத் துண்டுக நட்டுக்குத்தலா நிக்கணும், ஏன்னா நரியோட ஒயரும் நட்டுக்குத்தலாத்தான் நிக்குது. மெதுவாச் சுத்தினேன். வாக்கியில கோடு ஏறி ஏறி எறங்குச்சு. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நரி. ஆனா ஒரு எடத்துல பாத்தா பக்கம் மட்டுந்தான் தெரியும், தூரம் தெரியாது. தள்ளிப் போய் இன்னொரு தடவை பாக்கணும். ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அங்க தேடணும்.

கோடு போட மாப்பிள்ளை செல்போனை எடுத்தான். நான் பீரோவுல இருந்து புலப்படத்தை எடுத்தாந்தேன், பழைய புலப்படம். காடு முழுசா ஒரே சர்வே நம்பரா இருந்தப்ப வாங்கினது. கட்டுத்தறியில இருந்து ஒரு கோடு. தெக்கு மூலை பனமரத்துல இருந்து இன்னொரு கோடு. ரெண்டும் மேக்காட்டுல போய் வெட்டிக்கிச்சு.

மேக்காடு இப்ப எங்களுது இல்லீங்க. 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ரெண்டு போர் போட்டேன், ரெண்டுலயும் புழுதிதான் வந்துச்சு. தட்டு வெலை ஏறிப்போச்சு. அடுத்த வருசம் மாட்டை வித்தும் கடன் அடையலை, மேக்காடு நாலு ஏக்கரையும் குடுத்தேன். வாங்கினவர் பக்கத்து ஊர்க்காரர், நல்ல மனுசன், வெலையையும் அடிச்சுப் பேசலை. ஆனா கெரயம் பண்ணின நாள்ல இருந்து அந்தப் படலைத் தாண்டி நான் போனதில்லை. கோயிலுக்குக்கூடக் கெழக்கால சுத்தித்தான் போவேன். அதைச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டே சொன்னேன், "மாப்பிள்ளை, இது கோழிப்பண்ணைத் தகரத்துல பட்டுத் திரும்பி வருது. நரி வடக்கால இருக்குது." முந்தின ராத்திரி அவன் சொல்லிக் குடுத்த பாடந்தான். தகரக் கூரை, பாறை, இரும்புக் கம்பம், எல்லாத்துலயும் அலை பட்டு எகிறும், புதுசா வர்றவங்க அதுல ஏமாந்து போவாங்கன்னு. அந்தப் பாடத்தை அவனுக்கே திருப்பிப் படிச்சேன். மாமன் சொன்னா மறுப்பானா? வடக்கால நடந்தோம்.

நாப்பது நிமிசம். கோழிப்பண்ணைக்குப் பக்கத்துல போகப் போகச் சத்தம் கொறைஞ்சுது. ஒரு அடி எடுத்து வெச்சா மேக்க காட்டும், இன்னொரு அடிக்குக் கெழக்க காட்டும். மாப்பிள்ளை ஒரு வெள்வேல மரத்தடியில நின்னுட்டான்.

"மாமா, தகரத்துல பட்டு வர்றதுன்னா இப்பிடித்தான், நாம நகர நகரப் பக்கம் தாவும். ஆனா கட்டுத்தறி, பனமரம், வர்ற வழியில பாத்தமே மேடு, மூணுலயும் ஒரே எடத்தைத்தானுங்க காட்டுச்சு."

நான் ஒண்ணும் சொல்லலை.

"நீங்க வேணா இங்கயே இருங்க. நான் மட்டும் பாத்துட்டு வர்றேன்."

வித்தப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியலை. "வாடா"ன்னு முன்னால நடந்தேன். படலை நான்தான் தெறந்தேன். எங்கப்பா கட்டின அதே முள்ளுப் படல் இல்லை. இப்ப இரும்புக் கேட்டு.

உள்ள போனதும் வேற சிக்கல். நரி பக்கத்துல வந்துட்டா, எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடு முழுசா நிக்குது. இங்கதான் புதுசா வர்றவங்க சுத்திச் சுத்தி வந்து விட்டுட்டுப் போயிருவாங்களாம். அதுக்கு வழி இருக்கு. அலைவரிசையை ஒரு படி, அஞ்சு கிலோஹெர்ட்ஸ், தள்ளி வெச்சா சத்தம் கொறையும். அதுவும் பத்தலைன்னா டேப்பு ஆன்டெனாவைக் கழட்டிட்டு, வாக்கியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே சுத்தணும். நம்ம ஒடம்பே மறைப்பு. எப்ப சத்தம் ரொம்பக் கொறையுதோ, அப்ப நரி நமக்கு முதுகுப் பக்கம். நான் இன்னொண்ணு செஞ்சேன். கையில தண்ணி கொண்டு போன எவர்சில்வர் தூக்குப்போசியைக் காலி பண்ணித் தொடைச்சுட்டு வாக்கியை அதுக்குள்ள எறக்கினேன். ஆழமா எறக்கினா வெறும் இரைச்சல், கொஞ்சம் தூக்கினா பீப். எவ்வளவு ஆழத்துக்கு எறக்கியும் கேக்குதோ அவ்வளவு பக்கத்துல நரி. மாப்பிள்ளை சிரிச்சான். ஹாம்களும் தகர டப்பாவுல இதைச் செய்வாங்களாம்.

முதுகைக் காட்டி, காட்டி, பின்னாலயே நடந்து போனேன். கால் ஒரு கல்லுல இடிச்சுது. திரும்பிப் பாத்தா அப்பா கட்டின தண்ணித்தொட்டி. கொழுக்கட்டைப்புல்லு உள்ள மொளைச்சு நெஞ்சு ஒயரத்துக்கு நிக்குது. அதுக்குள்ள நரியோட ஒயர் எலி வாலாட்டம் தலையை நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஒளிச்சு வெச்ச பையனுக்கு ஒண்ணும் தெரியாது. காலைலயே அந்த அண்ணங்கிட்டக் கேட்டுட்டு, நல்ல மறைவா இருக்குன்னு அங்க வெச்சிருக்கான். மத்த மூணு பேரும் அரை மணிக்கு முன்னாலயே கண்டுபிடிச்சுட்டு வேப்பமரத்தடியில அவர்கூட ஒக்காந்து தேங்காய் தின்னுட்டு இருந்தாங்க. ஒரு பாப்பா, "அங்கிள், நீங்க இந்த ஊர்தானே?"ன்னுச்சு.

அவர் எந்திரிச்சு வந்தார். வித்ததுக்கு அப்புறம் சந்தையில பாத்தாக்கூட நான் தலையை ஆட்டிட்டுப் போயிருவேன். என்ன பேசறதுன்னு தெரியாம நின்னேன்.

"தம்பி, நல்லதாப் போச்சு வந்தது"ன்னார். "இந்தத் தொட்டி ஒரு பக்கம் ஓட்டையாயிருச்சு. மாடு வாங்கலாம்னு இருக்கேன். இதே மாதிரிக் கல்லு எங்கியும் சிக்கலை. உங்கப்பன் எங்க எடுத்தார்?"

"பாறைக்குழியிலங்ணா. தெக்கால."

"அது தூந்து போச்சே."

"தூந்தது பாதிதான். உள்ள இன்னும் கல்லு கெடக்குது."

எந்தக் கல்லு பொளந்தா நேரா வரும், எது சிலும்பும்னு அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கார். வாயில சொன்னா அவருக்கு வெளங்காது. செவ்வாக்கிழமை கடப்பாரை எடுத்துட்டு வர்றதாச் சொல்லிட்டு, மேக்கு வழியாவே வீட்டுக்கு நடந்தோம். அதுதான் கிட்டத்து வழி.