கிட் என்னும் சொல்

விழுப்புரத்தினின்று ஞாயிறுதோறும் புகைவண்டியேறித் திண்டிவனஞ் சென்று, ஆங்கோர் ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளிச் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றோம். சென்ற கோடையில் ஒருநாள் மத்தேயு சுவிசேஷம் 25-ஆம் அதிகாரத்தை நடத்தினோம். செம்மறியாடுகள் வலப்புறத்தும் வெள்ளாடுகள் இடப்புறத்தும் நிறுத்தப்படும் பகுதி அது. பாடம் முடிந்ததும் ஏழு வயதுச் சிறுமியொருத்தி விம்மி அழலானாள். காரணம் வினவினோம்.

"பள்ளிக்கூடத்தில் டீச்சர் எங்களைக் 'கிட்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிட் என்றால் வெள்ளாட்டுக்குட்டி என்று படப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் இடப்பக்கந்தானே, அண்ணா?"

"அது வெறுஞ் சொல், அம்மா" என்றோம். தமிழ் பயிலும் மாணவர் சொல்லத்தக்க விடையோ அது!

திரும்பும் வண்டியில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என நிலையங்கள் கழிந்தும் அவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. கிட் என்பது வடபுல நார்ஸ் மொழியினின்று ஆங்கிலம் புகுந்த சொல். வெள்ளாட்டின் குட்டியையே முதலிற் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சை வழக்காகக் குழந்தையையும் குறிக்கலாயிற்று. எனினும், 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தில் அஃது ஆட்டுக்குட்டியே. 19-ஆம் நூற்றாண்டிலேதான் அச்சொல் வீட்டுப் பேச்சில் நன்கு வேரூன்றியது.

நம் தொல்காப்பியரோ இதில் மிகக் கண்டிப்பானவர். மரபியலில் இளமைப் பெயர் ஒன்பதை வகுத்து, குழவி, மகவு என்னும் இரண்டை மட்டுமே மக்கட்கு உரிமையாக்கினார். பிள்ளை பறப்பனவற்றிற்கும் தவழ்வனவற்றிற்கும் உரியது, குட்டி எலிக்கும் அணிலுக்கும், ஆட்டிற்கோ மறி. இன்று மறி என்பது செம்மறி என வளர்ந்த ஆட்டின் பெயரில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை என்பதோ நம் வீடெல்லாம் நிறைந்துவிட்டது. இலக்கண ஆசிரியர் போட்ட வேலியைத் தாய்மார் என்றோ தாண்டிவிட்டனர். அதற்காக எம்மனோர் வருந்துதல் வேண்டா.

அடுத்த ஞாயிறு அச்சிறுமியை அருகழைத்து, "வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்றோம்.

"ஆயா குட்டி என்பாள்."

"ஆயா உன்னை இடப்பக்கம் நிறுத்துவாளா?"

நெடுநேரம் எண்ணிப் பார்த்து, "மாட்டாள்" என்று நகைத்தாள். உடனே முகஞ் சுருங்கி, "அப்படியானால், அந்த வெள்ளாட்டுக்குட்டி என்ன செய்தது, அண்ணா?" என்றாள்.

மணி அடித்துவிட்டது. அவ்வினாவையும் சுமந்தே வண்டியேறினோம்.