யார் சுற்றுலாப் பயணி? – களியக்காவிளையைத் தாண்டி ஒரு கள ஆய்வு

களியக்காவிளை பேருந்து நிலையத்தில் இறங்கி, திருவனந்தபுரம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் இஞ்சிவிளை. அங்கிருந்து பாறசாலை ஊராட்சி, கேரளம். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவாக மாறவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொள்வினை கொடுப்பினை மட்டும் இன்றும் இரண்டு பக்கமும் நடக்கிறது.

சுற்றுலாப் படிப்பு மாணவர்கள் சிலர், மக்களிடம் பேட்டி எடுத்துப் பழக இங்கே வந்திருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன்.

முதலில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில். எதிரிகளிடமிருந்து தப்பி வந்த திருவிதாங்கூரின் மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பொந்துள்ள பலாமரம், ‘அம்மச்சி பிலாவு’, பட்டுப்போன பிறகும் இங்கே பாதுகாக்கப்படுகிறது. அதன் அருகில் நின்ற ஒரு குடும்பத்திடம் ஒரு மாணவி கேட்டார்: “எத்தனை நாள் தங்குறீங்க?” மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர்கள். “தங்கவா? உச்சைக்குச் சோறு வீட்டுலதான்” என்று அம்மா சிரித்தார்.

மாணவர்களின் கேள்வித்தாள் அங்கேயே ஆட்டம் கண்டது. ஓர் இரவாவது தங்கினால்தான் சுற்றுலாப் பயணி; இல்லாவிட்டால் ஒரு நாள் வருகையாளர் என்பது உலக அளவிலான வரையறை. எல்லை தாண்டிப் பேருந்தேறி வந்து சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர், இரவுக் கணக்கு மட்டும் பார்க்கிற ஆய்வில் விழமாட்டார். அவர் வாங்கும் பூவும் டீயும் ஆட்டோக் கூலியும் விழாது.

“கேள்விகளை ஓரமா வையுங்க. எதைத் தெரிஞ்சுக்க வந்தோம்னு ஒரு வரியில சொல்லுங்க” என்றார் மாணவர்களுடன் வந்திருந்த ஆசிரியை. வேப்பமூட்டில் உட்கார்ந்து எழுதினார்கள்: ‘பக்கத்து ஊர்க்காரரின் அரைநாள் வருகையால் உள்ளூரில் யாருக்கு என்ன கிடைக்கிறது?’ அந்த ஒரு வரி அமைந்ததும் மற்றவை தானாக வந்தன. யாரிடம் கேட்பது என்ற பட்டியலில் பூக்கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் ஏறினார்கள். எப்போது கேட்பது என்பதும் தெளிந்தது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் சாமி ஊர்வலம் ஓர் இரவு தங்குவது இந்தக் கோயிலில்தான். அன்றைய கூட்டத்தை மட்டும் பார்த்து எழுதினால் ஆண்டு முழுவதும் திருவிழா என்று ஆகிவிடும். கிழமையையும் பார்க்க வேண்டும்: பக்கத்தில் செங்கல் என்ற ஊரின் சிவன் கோயிலில் உள்ள 111 அடி லிங்கத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருபவர் வேறு, செவ்வாய்க்கிழமை வருபவர் வேறு.

மதியத்துக்கு மேல் பூவார். நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகம். படகோட்டி ஒருவரிடம் ஒரு மாணவர், “சுற்றுலாவால உங்க வாழ்க்கை முன்னேறியிருக்கா?” என்றார். “உண்டு, உண்டு” என்று அவர் முடித்துக்கொண்டார். பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். அவர் நகர்ந்ததும் இன்னொரு மாணவி, “கடைசியா ஏத்திட்டுப் போனவங்களைப் பத்திச் சொல்லுங்க அண்ணே” என்றார். மனிதர் பேச ஆரம்பித்தார்: சாலையில் ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, படகு முதலாளிக்கு எவ்வளவு, மிச்சம் தன் கைக்கு எவ்வளவு என்று விரல்விட்டுச் சொன்னார். கருத்தைக் கேட்டபோது ஒரு சொல். நடந்ததைக் கேட்டபோது கணக்கே வந்தது.

ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேட்டார்கள், பெயர் வராது என்றார்கள், விருப்பமில்லாவிட்டால் பேச வேண்டாம் என்றார்கள். டீக்கடை அக்கா ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு வார்த்தை போட்டார்: “எல்லாரும் வந்து எழுதிட்டுப் போவினும். பிறவு ஒருத்தரையும் காணல்ல.”

கள ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. கண்டறிந்ததை இரண்டு பக்கத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, பேசியவர்களிடமும் ஊராட்சியிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை கேட்கப் போகிறவருக்கும் அந்த ஊரில் பதில் கிடைக்கும்.