கணக்கை முடித்தல்

“நீ கிறிஸ்தவன்தானே, மன்னிப்பது உனக்குச் சுலபம்” என்று விடுதி நண்பர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. சுலபமா? மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கற்பித்த ஜெபத்தில், மன்னிக்க வேண்டியதைக் குறிக்க வரும் சொல் ‘கடன்’. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு தொகையே உண்டு: 40,000 வெள்ளி.

நான் தொடக்கநிலை நான்கில் படித்தபோது, அப்பா தம் நண்பர் ஒருவரின் வங்கிக் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டார். நண்பர் தவணை கட்டுவதை நிறுத்தியதும் வங்கி அப்பாவிடம் வந்தது. பகலில் கிடங்கு வேலை, இரவில் டாக்சி என்று ஆறு ஆண்டுகள் ஓடின. நானும் தங்கையும் அப்பாவைச் சரியாகப் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்தான். அந்த நண்பரும் அங்கேதான், நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருப்பார். வருத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை இருக்கிறது. அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. ஆக மொத்தம் ஆறு கோடி நாள் கூலி! அரசன் மனமிரங்கி அத்தனையையும் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்த ஊழியனோ, தனக்கு 100 நாள் கூலி தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 100 நாள் கூலி சிறிய தொகை அல்ல. நமக்கு நேர்ந்த அநியாயம் அற்பமானது என்று இயேசு சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தொகை உனக்குத் தள்ளுபடி ஆகியிருக்கிறதே என்றுதான் கேட்கிறார்.

கதைக்கு இது பொருந்தும், வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு நம் சிங்கப்பூரிலேயே பதில் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1943 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய ‘டபுள் டென்த்’ சம்பவத்தில் 57 பேரைக் கெம்பெய்த்தாய் காவல் படை பிடித்துச் சென்றது. சித்திரவதையில் 15 பேர் இறந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிகன் பேராயர் லியோனார்ட் வில்சன். தம்மை அடித்தவர்களை, ஒரு காலத்தில் பெற்றோர் கொஞ்சிய சிறு பிள்ளைகளாக எண்ணிப் பார்த்ததாகவும், பிள்ளைகளை வெறுக்க முடியவில்லை என்றும் அவர் பின்னர் சொன்னார். போர் முடிந்த பின், தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் சடங்கை நடத்தி வைத்தார்.

அதற்காக நீதி கைவிடப்பட்டதா? இல்லை. 1946இல் நடந்த விசாரணையில் 21 பேர் குற்றம் சாட்டப்பட்டு, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. பேராயர் தம் உள்ளத்தில் வன்மத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு.

அப்பாவின் நண்பருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். அப்பாதான் சனிக்கிழமைதோறும் அவரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறார். சென்ற மாதம் அப்பாவுக்கு முதுகுவலி. “இந்த வாரம் நீ போயிட்டு வர்றியாப்பா?” என்றார்.

போனேன். மனம் உருகிவிட்டது என்று சொன்னால் பொய். சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, “போகலாமா அங்கிள்?” என்றேன். தலையசைத்தார். அவருக்குப் பேச்சு வருவதில்லை. நான் சிறுவயதிலிருந்து எதிர்பார்த்த அந்த ஒரு வார்த்தை இனி வரப்போவதுமில்லை. அது வரும்வரை இரக்கத்தை நிறுத்திவைக்க என் விசுவாசம் இடம் தரவில்லை. பாசம் பிறகு வரட்டும். அன்றைக்குத் தேவைப்பட்டது நாற்காலியைத் தள்ள இரண்டு கைகள்.

மன்னிப்பது என்றால் மறப்பது அல்ல. இன்று கேட்டாலும் அப்பா 40,000 வெள்ளி என்று சரியாகச் சொல்வார். வசூலிக்கும் உரிமையைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார். நண்பர்களே, உங்கள் மனத்திலும் யாருடைய பெயரிலாவது ஒரு கணக்கு நிலுவையில் இருக்கலாம். அதை முடிக்க எதிராளியின் கையெழுத்து தேவையில்லை.