மோட்டார் முனகுது பாஸ்!

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி. போன கரன்ட் திரும்பி வருது. ஹாஸ்டல்ல எல்லா ரூம் ஃபேனும் சுத்துது. உங்க தலைக்கு மேல இருக்கிறது மட்டும் 'உம்ம்ம்...'னு முனகிக்கிட்டு அப்படியே நிக்குது. என்ன பண்ணுவீங்க? கட்டில் மேல ஏறி, ஸ்கேலால இறக்கையை ஒரு தட்டு. சுத்த ஆரம்பிச்சிடும். ரூம்மேட் கை தட்டுவான். நீங்கதான் ஹீரோ!

நானும் அப்படி ஒரு ஹீரோதான். அந்த ஹீரோத்தனம் என் விரலைக் காவு வாங்கப் பார்த்த கதைதான் இது.

எங்க ஊர் செங்கோட்டைப் பக்கம். அப்பா மரவேலை செய்றவர். வீட்டுக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே வட்ட ரம்பம் பொருத்தின இரும்பு மேஜை, ஒரு பிளேனர், ரெண்டு டிரில்லிங் மெஷின், சுவர்ல வரிசையா உளிகள். அவ்வளவுதான் எங்க சொத்து. என் காலேஜ் ஃபீஸ் அங்கே இருந்துதான் வருது. நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம்.

அது சாரல் சீசன். லீவுக்கு வந்திருந்தேன். ஒரு வீட்டுக்கு வாசல் நிலை செய்ற வேலை ஓடிட்டிருந்தது. நிலை வைக்க நாள் குறிச்சாச்சு. இன்னும் ரெண்டே நாள். கதவு லேட்டானா சமாளிச்சுக்கலாம். நிலை வைக்கிற நல்ல நேரத்தைத் தள்ளிப்போடுங்கன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது!

அப்பா டீ குடிக்கப் போன நேரம். 'நாலு கட்டையை நாமளே அறுத்து வைப்போம்'னு ஸ்விட்சைப் போட்டேன். 'உம்ம்ம்...' ரம்பம் அசையல. அட, நம்ம ஹாஸ்டல் ஃபேன் கேஸ்! குனிஞ்சு, மேஜைக்கு அடியில இருக்கிற பெல்ட்டை ஒரு தள்ளு தள்ளலாம்னு கையை நீட்டினேன்.

''எல, கைய எடு!''

தகரமே அதிர்ற மாதிரி ஒரு சத்தம். திரும்புறதுக்குள்ள அப்பா பிளக்கைப் பிடுங்கிட்டார். அவர் கை நடுங்கிச்சு. அப்பா கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

அடிப்பார்னு நினைச்சேன். அடிக்கல. இடது கையை விரிச்சுக் காட்டினார். மோதிர விரல்ல நுனி இருக்காது. சின்ன வயசுல இருந்து பார்க்கிற விரல்தான். 'வேலையில பட்டது'ன்னு மட்டும் சொல்வார். முழுக்கதையை அன்னிக்குத்தான் சொன்னார்.

''நான் ஸ்விட்ச நிப்பாட்டிட்டுத்தாம்ல கைய வச்சேன். சின்னத் துண்டு ஒண்ணு கெடந்து, தட்டிவிடுவோம்னு பாத்தேன். ஸ்விட்சு நின்னுட்டு. ரம்பம் நிக்கல.''

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவரே, ''சரி, மெஷின் என்ன சொல்லுது, சொல்லு'' என்றார்.

நான் உடனே இன்ஜினீயர் ஆயிட்டேன். ''காயில் போயிட்டுப்பா. கழட்டி காயில் கட்டுற கடைக்குக் கொண்டு போவோம்.''

''போச்சுன்னா கருகின வாடை அடிக்கணும்லா. அடிக்கா?''

அடிக்கல.

பெல்ட்டைக் கழட்டச் சொன்னார். மோட்டார் புல்லியைக் கையால சுத்தினேன். வழுக்கிக்கிட்டு சுத்துச்சு, சத்தமும் இல்லை, இறுக்கமும் இல்லை. அப்போ பேரிங் ஓ.கே. ரம்பத்தைச் சுத்திப் பார்த்தோம். மரத்துண்டு எதுவும் சிக்கல. மிச்சம் ஒண்ணுதான். மோட்டார் முதுகுல இருக்கிற சின்ன மூடியைத் திறந்தோம். கண்டென்சர் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது!

மக்களே, எனக்கு அப்பதான் உறைச்சுது. 'சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஏன் தானா ஸ்டார்ட் ஆகாது?'ன்னு போன செமஸ்டர்ல பதின்மூணு மார்க் கேள்விக்கு மூணு பக்கம் எழுதினவன் நான். ஒரே ஒரு சுருள்ல ஓடுற கரன்ட் காந்தப் புலத்தை முன்னும் பின்னும் துடிக்க வைக்குமே தவிர, சுத்த விடாது. இன்னொரு சுருள்ல ஓடுற கரன்ட்டைக் கண்டென்சர் கொஞ்சம் முன்னே தள்ளிவிடுது. அதனாலதான் புலம் சுழலுது, மோட்டார் கிளம்புது. கண்டென்சர் செத்தா முனகல் மட்டும்தான். அந்த நேரத்துல கையால தள்ளினா, தள்ளின பக்கமே முழு வேகத்துல பிடிச்சுக்கும். கை அங்கேயே இருந்தா..? பேப்பர்ல எழுதினது பட்டறைல எனக்கு ஞாபகம் வரவே இல்லை பாஸ்!

இன்னொரு விஷயம். பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சருக்குள்ள சார்ஜ் தங்கியிருக்கலாம். அப்பா பழைய குண்டு பல்பு ஹோல்டரோட ரெண்டு ஒயரை அதோட முனைகள்ல வெச்சு இறக்கிட்டுத்தான் தொட்டார். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் பார்த்து வாங்கி மாட்டினோம். சில நூறு ரூபாயோட முடிஞ்சுது. என் பேச்சைக் கேட்டிருந்தா ஆயிரக்கணக்குல செலவு, நிலையும் நேரத்துக்குப் போயிருக்காது.

அன்னிக்கு ராத்திரி அறுத்துக்கிட்டே அப்பா சொல்லிக்கொடுத்ததை நான் 'சத்த அகராதி'ன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். உங்க வீட்டுலயும் ஏதாவது மெஷின் இருந்தா உதவும், கேளுங்க.

'கீச்...'னு கத்தினா பெல்ட் தளர்ந்திருக்கு, வழுக்குதுன்னு அர்த்தம். 'கரகர'ன்னு அரைச்சா பேரிங். பழசைக் கழட்டி நம்பரைப் பார்த்து வாங்கணும். 6204-ன்னு இருந்தா, கடைசி 04-ஐ அஞ்சால பெருக்குங்க. உள்துளை 20 மில்லிமீட்டர். (03-க்கு இந்தக் கணக்கு செல்லாது, அது 17!) டிரில்லிங் மெஷின் விட்டு விட்டு ஓடி, உள்ளே பொறி அதிகமா பறந்தா கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கும். மாத்தினா ஜோடியாதான் மாத்தணும். மோட்டார் கொதிச்சா, முதல்ல காத்துப் போற ஓட்டையைப் பாருங்க. மரத்தூள் அடைச்சிருக்கும்.

சத்தமே இல்லாத கம்ப்ளெயின்ட்டும் உண்டு. அறுத்த மரத்துல கறுப்பா தீஞ்ச கோடு விழும். ரம்பப் பல் மழுங்கியிருக்கலாம், இல்லை பிசின் ஒட்டியிருக்கலாம். பிசினா இருந்தா கழட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா போயிடும். ரெண்டும் இல்லைன்னா பக்கத்து அணைக் கட்டை ரம்பத்துக்கு நேரா இல்லாம, பின்பக்கம் நெருக்குதுன்னு அர்த்தம். அதை அப்படியே விட்டா ஒருநாள் மரம் எகிறி நம்ம மேலயே பாயும். ஆக, அந்தக் கறுப்புக் கோடு ஒரு எச்சரிக்கைக் கடிதம்!

எங்க ஊர் சாரலுக்கு இரும்பு மேஜை ரெண்டே நாள்ல துருப்பிடிக்கும். எண்ணெய் பூசினா மரத்துல கறை. அதனால வேலை முடிஞ்சதும் துடைச்சுட்டு மெழுகு தேய்ப்பார் அப்பா. மரமும் வழுக்கிக்கிட்டுப் போகும். நான் என் பங்குக்கு அவருக்கு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். மரத்தூளை, மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான முதல் பிரிவுல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லயே சேர்த்திருக்கு. ''மூச்சு முட்டுதுல''ன்னு முனகிக்கிட்டே போட்டுக்கிறார்.

அமெரிக்காவுல ஸ்டீஃபன் காஸ்னு ஒருத்தர் விரல் பட்டதுமே நின்னுடற ரம்ப மேஜையைக் கண்டுபிடிச்சார். தோல் பட்ட சுமார் 5 மில்லி செகண்ட்ல பிளேடு நின்னுடும். 2004-ல இருந்து விற்பனைக்கு இருக்கு. அப்பாகிட்ட வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம் தன் விரலைப் பார்த்துக்கிட்டு, ''நல்ல மெஷின்தாம்ல. அது வார வரைக்கும் பிளக்கு கண்ணு முன்னால கெடக்கணும்'' என்றார்.

அதுதான் எங்க பட்டறையோட முதல் சட்டம். ஸ்விட்சை நம்பாதே. பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியுற மாதிரி முன்னால போடு. ரம்பம் நின்னதைப் பார். அப்புறம் தொடு.

நிலை குறிச்ச நேரத்துல ஏறிடுச்சு. மஞ்சள் குங்குமம் வெச்சு எல்லாரும் கும்பிட்டப்ப, நான் பாக்கெட்டுக்குள்ள என் பத்து விரலையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கிட்டேன்.

இன்னிக்கு ராத்திரி உங்க ஃபேன் முனகினா ஸ்கேலைத் தேடாதீங்க. ஸ்விட்சை அணைச்சிட்டு, காலையில எலக்ட்ரீஷியன்கிட்ட ''அண்ணே, கண்டென்சரைப் பாருங்க''ன்னு மட்டும் சொல்லுங்க. அவர் உங்களை மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க... கைதட்டு வாங்கின ஹீரோவை விட அதுல சுகம் அதிகம்!