கணக்குப் பாடத்தில் கை தட்டிய கதை



கணக்குப் பாடத்தில் பிள்ளைகளுக்குத் தாளம் படிப்பிக்கிறோம் என்று ஊருக்குள் ஒரு கதை உலாவுகிறது. முழுக்கப் பொய்யென்று சொல்ல மாட்டோம். நடந்ததை நாங்களே எழுதிவிடுகிறோம்.

தரம் 7இல் பொது மடங்குகளுட் சிறியதைப் படிப்பிக்கும்போது, பிள்ளைகள் வகுத்து வகுத்து விடையை எடுத்துவிடுவார்கள். அது என்னவென்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் கணிதம் எடுக்கும் நாங்கள் இருவரும் வகுப்பை இரண்டாகப் பிரித்தோம். எல்லோரும் சேர்ந்து எண்ண வேண்டும். ஜன்னல் பக்கத்தார் ஒவ்வொரு மூன்றாவது எண்ணுக்கும், சுவர்ப் பக்கத்தார் ஒவ்வொரு நான்காவது எண்ணுக்கும் கை தட்ட வேண்டும். 12 வந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தட்டி வகுப்பே அதிர்ந்தது. 24இலும் அப்படித்தான். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த நாள் 'சக்தி' குழுவின் பழைய காணொளி ஒன்றைக் காட்டினோம்.

1970களில் உருவான குழு அது. கிட்டார் வாசிப்பவர் இங்கிலாந்துக்காரரான ஜோன் மக்லாக்லின். தபேலா உஸ்தாத் ஸாகிர் ஹுஸைன், கடம் விக்கு விநாயக்ராம், வயலின் எல். ஷங்கர். தபேலா வட இந்திய மரபு, கடம் தென்னிந்திய மரபு. இரண்டுக்கும் தாளக் கணக்கும் சொல்கட்டும் வேறு வேறு. ஷங்கர் சிறு வயதில் நமது யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவரது தந்தை லக்ஷ்மிநாராயணா அங்கே சங்கீதம் படிப்பித்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. இந்த நாடு யாரையெல்லாம் இப்படி அனுப்பி வைத்திருக்கிறது!

பிள்ளைகளுக்கு நாங்கள் காட்ட நினைத்தது ஒரேயொரு இடம். தபேலாவும் கடமும் கேள்வி பதில் போல மாறி மாறி வாசிப்பார்கள். முதலில் நீண்ட துண்டு, பிறகு அதில் பாதி, பிறகு அதிலும் பாதி. கடைசியில் ஆளுக்கொரு தட்டு என்றாகி, இருவரும் ஒன்றாய்ப் பாய்ந்து ஒரே அடியில் வந்து நிற்பார்கள். கர்நாடக சங்கீதத்தில் இதைக் குறைப்பு என்பார்கள். பின்னப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஒரு மாணவன் கேட்டான்: "சேர், ஸாகிர் ஹுஸைன் முஸ்லிமா?" ஆம் என்றோம். சிறு வயதில் காலையில் மத்ரஸாவுக்கும் பிறகு கத்தோலிக்கப் பாடசாலைக்கும் போனவர், 2024 டிசம்பரில் காலமானார் என்றும் சொன்னோம். பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாப்பா அல்லா ரக்கா அவர் காதில் துஆவுக்குப் பதிலாகத் தபேலாச் சொற்களை ஓதினாராம். அதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லவில்லை. பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும் நமக்கு அது நெருடும். எங்களுக்கும் நெருடியது.

அந்தக் கிழமையே ஒரு மாணவனின் வாப்பா வந்தார். "சேர், மகன் வீட்டில மேசை, கதவு, பீங்கான் எல்லாத்தையும் தட்டுறான். பாட்டுக் கச்சேரி காட்டினீங்களாம். இது சரியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் உலமாக்கள் இல்லை. "காக்கா, காணொளியை நிறுத்துறோம், கைதட்டலை மட்டும் விட மாட்டோம்" என்றோம். சம்மதித்தார். எழும்பும்போது, "எங்கட மூத்தாப்பா பொல்லடிக்கிற ஆள்தான், அவர்ர கம்பு இன்னும் வீட்டில கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அந்த நினைவுதான். சக்தி 1997இல் மறுபடி கூடியபோது, கொஞ்ச காலத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து சேர்ந்தார். பலா மர வளையத்தில் உடும்புத் தோல் போர்த்திய சின்ன வாத்தியம். பஜனைகளில் தட்டப்பட்டு வந்ததைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை என்பார்கள். பார்த்த உடனே எங்களுக்கு பக்கீர் பாவாக்களின் றபான்தான் ஞாபகம் வந்தது. வளையமும் ஒரு பக்கத் தோலும், அதே குடும்பம். அவர்களுடையது கைமாறிக் கைமாறி உலக மேடை வரை போய், 2024இல் கிராமி விருதும் எடுத்தது. எங்கள் ஊரில் பாவாக்களின் சத்தம் கேட்டு எத்தனை வருடம்?

பொல்லடியும் அப்படித்தான். வட்டமாக நின்று, தன் கம்பில் ஒரு தட்டு, வலப்பக்கத்தாரின் கம்பில் ஒரு தட்டு, இடப்பக்கத்தாரின் கம்பில் ஒரு தட்டு, இடையில் காலடி. எண்ணிக்கை ஒன்று பிசகினால் பக்கத்து ஆளின் விரல் போய்விடும். இதைப் பிழையில்லாமல் நடத்திய அண்ணாவிமாருக்கு பொ.ம.சி. என்ற பெயர் தெரிந்திருக்காது.

காணொளியை நிறுத்திவிட்டோம். தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மேசையில் மெதுவாகத் தட்டிப் பார்த்து விடை எழுதிய பிள்ளைகளை மேற்பார்வையில் நின்ற நாங்கள் கண்டும் காணாமல் இருந்தோம்.

இப்போது ஒரு வேண்டுகோள். பொல்லடி அடிக்கத் தெரிந்த மூத்தவர்கள் யாருடைய வீட்டிலாவது இருந்தால் எங்களுக்கு அறியத் தாருங்கள். அஸருக்குப் பிறகு வீட்டுக்கே வருகிறோம். பாட்டு வேண்டாம் என்றால் வேண்டாம், அடியின் எண்ணிக்கையை மட்டும் சொல்லித் தந்தால் எழுதிக்கொள்கிறோம். பழைய கம்பு இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.