நான்காம் கேமரா



இந்த வாரம் ஒரு கடவுச்சொல்லைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். இதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட அம்மையாரிடம் முன்னரே கேட்டேன். “பெயரைப் போடாமல் எழுதுங்கள் ஐயா, நாலு பேருக்கு உதவும்” என்றார். ஆகையால் அவரை டீச்சரம்மா என்றும், அவருடைய கணவரை நாம் எல்லாரும் அழைத்தவாறே அண்ணாச்சி என்றும் குறிப்பிடுகிறேன். யாரென்று உங்களில் சிலருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் மனதிலே வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுபோனது. ஜங்ஷன் பேருந்து நிலையமும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகமும் தண்ணீரில் நின்றன. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேருகிற நம்முடைய தாமிரபரணி, தன் கரையில் குடியிருப்பவர்களின் வாசலுக்குத் தானே வந்த நாட்கள் அவை.

அண்ணாச்சியின் வீடு ஆற்றை நோக்கிச் சரிகிற தெருவில் இருக்கிறது. அன்றிரவு கட்டிலிலிருந்து காலை ஊன்றியபோதுதான் தண்ணீர் வந்துவிட்டதை அவர் அறிந்தார். மனைவியைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டார். கீழே இருந்ததெல்லாம் போயிற்று. முப்பது ஆண்டுகளாக டீச்சரம்மா சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் அவற்றோடு போயின. நான் அவரைப் பார்க்கச் சென்றபோது அண்ணாச்சி இழப்பைப் பற்றிப் பேசவில்லை. “தண்ணீர் வந்ததை நான் பார்க்கவில்லையே ஐயா, தூங்கிக்கொண்டல்லவா இருந்தேன்” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

சேறு வழித்து, வெள்ளையடித்து, வீடு நிமிர்ந்தபின் அவர் செய்த முதற்காரியம் கேமரா வைத்தது. கண்காணிப்புக் கேமரா என்றாலே நம் பகுதியாருக்கு 2019 ஆகஸ்டில் கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில் நடந்தது நினைவுக்கு வரும். வாசலில் அமர்ந்திருந்த முதியவரை முகமூடி அணிந்த கொள்ளையர் பின்னாலிருந்து தாக்க, அவரும் மனைவியுமாகச் செருப்பையும் நாற்காலியையும் வீசி விரட்டினார்களே, அந்தக் காட்சி. வீட்டுக் கேமராவில் அது பதிவாகியிராவிட்டால் உலகம் அறிந்திருக்காது. அந்தச் சுதந்திர தினத்திலே முதலமைச்சர் அவர்களை அழைத்து விருது வழங்கிச் சிறப்பித்தார். அதைப் பார்த்துவிட்டு நம் சபையிலும் சில வீடுகளில் கேமரா வைத்தார்கள். அண்ணாச்சி கள்ளனுக்காக வைக்கவில்லை. மூன்று கேமராக்கள் வழக்கம்போல வாசலையும் புழக்கடையையும் பார்த்தன. நான்காவது கேமராவைத் தெருக்கோடிக்குத் திருப்பி வைத்தார். அங்கே தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்துறையின் மேற்படிகள் சில தெரியும். பதிவு செய்கிற டிவிஆர் பெட்டியைத் தண்ணீர் எட்டாத மாடியறையில் வைத்தார். (அடுத்த வீட்டு ஜன்னல் எதிலும் படாதபடி கோணம் பார்த்து வைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். நம்மில் சிலருடைய கேமராக்கள் அயலார் அடுப்பங்கரை வரை எட்டிப் பார்க்கின்றன.)

சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலையில் அண்ணாச்சி நெஞ்சுவலி கண்டு, மருத்துவமனை போய்ச் சேருமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் நீங்கள் அநேகர் இருந்தீர்கள்.

பத்தொன்பதாம் நாள் டீச்சரம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பதிவுகளைத் திறக்கும் கடவுச்சொல் அண்ணாச்சிக்கு மட்டுமே தெரியும். வெளிநாட்டிலிருக்கிற மகன் பலமுறை கேட்டும், “நேரில் வரும்போது சொல்லித் தருகிறேன்” என்றே சொல்லியிருந்தார். அவருடைய கைபேசியும் பூட்டிக் கிடக்கிறது. மாடியறைத் தொலைக்காட்சியில் அந்தந்த நேரத்துக் காட்சி தெரிகிறது. கடந்த நாளைப் பார்க்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது. இதைச் சொல்லிவிட்டுச் சற்று மெளனமாயிருந்தார். பிறகு, “கடைசி நாள் சாயங்காலம் வாசலில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் ஐயா. அது அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கும். ஒரு மாதத்தில் தானாகவே அழிந்துவிடுமாம், மகன் சொல்கிறான்” என்றார்.

மகன் சொன்னது மெய். இந்தப் பெட்டிகளிலுள்ள ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும், மிகப் பழைய பதிவின்மேலேயே புதிய பதிவு எழுதப்படும். எத்தனை நாள் தாங்கும் என்பது கேமராக்களின் எண்ணிக்கையையும் டிஸ்க்கின் கொள்ளளவையும் பொறுத்தது. அண்ணாச்சியின் பெட்டியில் ஏறத்தாழ 30 நாட்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவருடைய பழைய நாட்கள் ஒவ்வொன்றாய் அழிந்துகொண்டிருந்தன.

அன்று மாலையே சென்றேன். திருமண நாள், பேரன் பிறந்த தேதி, அவர் விரும்பிப் பாடுகிற பாமாலையின் எண் என்று ஒவ்வொன்றாக முயன்றோம். பாமாலை எண் என்னுடைய யோசனை. போதகனுக்கு வேறென்ன தோன்றும்! சிலமுறை தவறியதும் பெட்டி அரை மணிநேரம் எங்களை உள்ளே விட மறுத்துவிட்டது. பக்கத்துக் கடைத் தம்பி ஒருவர், உள்ளே கடிகார பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்றார். இப்போது வருகிற பெட்டிகளில் அதனால் கடிகாரம் குழம்புமே தவிர கடவுச்சொல் நீங்காது. வேறொருவர், “எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்துவிட்டால் புதிதுபோல் ஆகிவிடும் அம்மா” என்றார். டீச்சரம்மா பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

இணையத்திலே தேடினால், ஒரு தொகை அனுப்புங்கள், எந்தப் பெட்டியையும் திறக்கும் மந்திர எண்ணைத் தருகிறோம் என்பவர்களும், நிறுவனத்தின் சேவை மையம் நாங்களே என்று சொல்லி நம் கைபேசித் திரையைப் பகிரச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பதற்றத்தில் இருக்கும் வீட்டைத் தேடி வருகிறவர்கள் அவர்கள். தயவுசெய்து விலகி நில்லுங்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நேர்மையான வழி, பெட்டியை விற்ற நிறுவனத்தை அணுகுவது. வாங்கிய ரசீது, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண், உரிமையாளருக்கான சான்று என்று கேட்பார்கள். நாட்கள் ஆகும். எரிச்சலாயிருக்கும். ஆனால் கேட்டவருக்கெல்லாம் திறந்து கொடுத்தால் அந்தப் பூட்டு எதற்கு?

எங்களுக்கு உதவினவர் நம் வாலிபர் சங்கத்திலே கணினி வேலை அறிந்த தம்பி. கடவுச்சொல் பெட்டியின் நினைவகத்தில் இருக்கிறது, காட்சிகள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, இரண்டும் வேறுவேறு என்று விளக்கினார். மின்சாரத்தை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றி டீச்சரம்மாவின் கையில் கொடுத்தார். “இனி இதில் ஒன்றும் அழியாது அம்மா. நேரக் காட்சி எப்போதும்போல் தெரியும், பதிவு மட்டும் ஆகாது.” டீச்சரம்மா அதை அண்ணாச்சியின் வேட்டிகள் இருந்த பீரோவில் வைத்துப் பூட்டினார். இப்படிப்பட்ட நிலை உங்களுக்கு வந்தால் முதலில் செய்யவேண்டியது இதுதான். அழிவதை நிறுத்துங்கள், திறப்பதைப் பிறகு பார்க்கலாம்.

‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்ற இடத்தை அழுத்தினால் திரையில் ஒரு க்யூஆர் குறியீடு வரும். அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால், முன்பு பதிந்து வைத்த மின்னஞ்சலுக்கு ஒரு பாதுகாப்பு எண் வரும். அந்த எண்ணைக் கொண்டு புதிய கடவுச்சொல் அமைத்துக்கொள்ளலாம். பதிவுகளுக்கு ஒன்றும் நேராது. எல்லா நிறுவனங்களின் முறையும் ஒன்றல்ல. இந்தப் பெட்டியின் முறை இதுவாயிருந்தது. சரி, அண்ணாச்சியின் மின்னஞ்சலைத் திறந்தால் போதுமே என்று எண்ணித் திரையைப் பார்த்தோம். முதல் இரண்டு எழுத்துகளும் நட்சத்திரக் குறிகளும் தெரிந்தன. அது அண்ணாச்சியின் மின்னஞ்சல் அன்று. கேமரா மாட்ட வந்த இளைஞர், அவசரத்தில் தம்முடைய மின்னஞ்சலையே அதில் பதிந்து போயிருக்கிறார்! பலருடைய வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது என்று அந்தத் தம்பி சொல்லக் கேட்டுத் திடுக்கிட்டேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது? இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

அந்த இளைஞர் பழைய எண்ணில் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளை என்ற ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, அங்குள்ள உடன் ஊழியர் ஒருவர் மூலமாக நான்கு நாட்களில் கண்டுபிடித்தோம். வேறு வேலை தேடித் திருப்பூர் போயிருந்தார். அண்ணாச்சி மறைந்த செய்தியைக் கேட்டதும் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “நான் சுலபமாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன் ஐயா. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் திரும்பி நில் தம்பி என்று சொல்லிவிட்டு அவரே போட்டார்” என்றார்.

அண்ணாச்சியின் எச்சரிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலே விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றியது. அதன் கையிலிருந்தது அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் இணைகள் மட்டுமே. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கேமராக்களைக் கொண்டே தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணிநேரம் எட்டமுடியாமற் செய்தார்கள். அண்ணாச்சி அப்படி விட்டுவைக்கவில்லை. கள்ளனுக்கு எதிராக நன்றாய்ப் பூட்டினார். அந்தப் பூட்டுக்கு வெளியே மனைவியும் நிற்க நேரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

திருப்பூரிலிருந்து அந்த எண் வந்தது. டிஸ்க்கை மீண்டும் மாட்டினோம். டீச்சரம்மா தாமே தட்டச்சு செய்து புதிய கடவுச்சொல்லை அமைத்தார். தம்பியும் நானும் சொல்லாமலே திரும்பி நின்றுகொண்டோம்.

ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் காட்சி கிடைத்தது. நான்கைந்து நிமிடம். ஊற்றிவிட்டுக் குழாயைச் சுருட்டி வைத்தார். வாசற்கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே போனார். டீச்சரம்மா அதை மூன்று முறை பார்த்தார். நான் விடைபெற எழுந்தேன்.

அப்போது அந்தத் தம்பி நான்காம் கேமராவின் பதிவைத் தற்செயலாகத் திறந்தார். இரவு இரண்டு மணி கழிந்து சில நிமிடங்கள். தலையில் துண்டும் கையில் டார்ச்சுமாக ஒருவர் தெருவின் நடுவே நடந்து படித்துறைக்குப் போகிறார். நிற்கிறார். விளக்கடித்துப் பார்க்கிறார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வருகிறார். முந்தின இரவைத் திறந்தோம். அதே நேரம், அதே துண்டு. அதற்கு முந்தின இரவும் அப்படியே. டிஸ்க்கில் மிஞ்சியிருந்த பத்து இரவுகளிலும் அவர் போயிருந்தார். பருவமழை தொடங்கியிருந்த நாட்கள் அவை. தூறலில் ஒரு நாள் குடையோடு போயிருக்கிறார். கேமரா வைத்தும், படுக்கையிலிருந்தே பார்க்கக்கூடியதை, நடந்துபோய்க் கண்ணால் பார்த்திருக்கிறார்.

“தூங்குகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்” என்றார் டீச்சரம்மா.

பிரியமானவர்களே, வெள்ளத்துக்குப் பின் அண்ணாச்சியை நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆலய வாசலில் கண்டேன். “எப்படி இருக்கிறீர்கள் அண்ணாச்சி?” என்பேன். “கர்த்தர் கிருபையால் சுகம் ஐயா” என்பார். கையைக் குலுக்கிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிடுவேன். ஆகார் தேவனைத் தன்னைக் காண்கிறவர் என்று பேரிட்டழைத்த பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தப் பத்து இரவுகளையும் தேவன் கண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாரந்தோறும் அவர் முகத்துக்கு முன்பாக நின்ற நான் காணவில்லை. அன்றிரவு வீடு திரும்பியபின் நெடுநேரம் எனக்கும் தூக்கமில்லை.

மற்றவை சிறு விஷயங்கள். மின்னஞ்சலை டீச்சரம்மாவின் பெயருக்கு மாற்றினோம். மகனுடைய கைபேசியில் பார்ப்பதற்கு மட்டும் தனிக் கணக்கு ஒன்று கொடுத்தோம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். ஒரு பிரதியை என்னிடம் தர வந்தார். வேண்டாம், மகனிடமே இருக்கட்டும் என்றேன். அந்தப் பத்து இரவுகளையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தார் தம்பி. மகனுக்கு அவற்றை அனுப்பவேண்டுமா என்று டீச்சரம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கார்த்திகையில் ஒரு நாள் பகல் முழுவதும் மழை விடவில்லை. அணைகளிலிருந்து தண்ணீர் திறக்கக்கூடும், கரையோரத்தார் கவனமாயிருக்கவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஆலயக் கூடத்தைத் திறந்து வைத்துவிட்டு, கரையோரத்துக் குடும்பங்களை ஒவ்வொன்றாய் அழைத்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மாவின் எண்ணை அழுத்துமுன் அவரே அழைத்தார். மணி பதினொன்று ஆகியிருந்தது.

“ஐயா, நான் மாடியில்தான் இருக்கிறேன். நாலாம் கேமராவில் படித்துறை இன்னும் மூன்று படி தெரிகிறது. இரண்டானால் சொல்கிறேன்.”